தானாக வராது பி.ஆர்.

ஆசிரியருக்கு,

எங்கள் மாட்டுங்காவில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்துக்கு மகளுடன் போயிருந்தேன். கனடாவில் இரண்டு வருட டிப்ளமோ. “படிச்சு முடிச்சா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) தானா வந்துடும் சார்” என்று கையேட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார் அங்கிருந்தவர். மொழித் தேர்வைப் பற்றிக் கேட்டதும் டீ வரவழைத்தார்.

படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி வாழ்நாளில் ஒரு தடவைதான். அதிகபட்சம் 3 ஆண்டு. 2024 நவம்பர் 1 முதல் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள், பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமோ என்றால், பெரும்பாலும் அந்நாட்டு அரசு குறித்த துறைகளில் படித்திருந்தால்தான் அதுவும். நிரந்தர வசிப்புரிமையோ தனி வரிசை: வயது, மொழி, வேலை அனுபவம் என்று புள்ளி போட்டு அழைப்பார்கள். பிரிட்டனும் சளைத்ததல்ல. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு, படிப்பு முடிந்து தங்கி வேலை பார்க்கத் தரும் 2 ஆண்டு விசா 18 மாதமாகச் சுருங்குகிறது.

வாயால் சொல்லும் உறுதியை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் என்று மாநில அரசு இந்த மையங்களைக் கட்டாயப்படுத்தினால் என்ன? நான் கேட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் வழக்கமில்லை சார்” என்றார். டீ அதற்குள் ஆறிவிட்டது.

– ஒரு தகப்பன், மாட்டுங்கா, மும்பை