வானொலிப் பாடத்தில் இடைவெளிக்கும் நேரம் ஒதுக்குங்கள்

கல்வித்துறைப் பொறுப்பாளர்களுக்கும் வானொலி நிலையத்தாருக்கும்,

வணக்கம். பயிற்சி பெற்ற ஆசிரியர் போய்ச் சேராத ஊர்களில், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தத் திட்டமிடும் உங்களிடம் ஒரு கோரிக்கை. நல்ல குரல் தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பிள்ளைகள் பதில் சொல்வதற்காகக் குரல் நிற்கும் இடங்களில் காட்டுங்கள்.

1974-ல் மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் தொடங்கிய வானொலிக் கணக்குத் திட்டம் இதற்கு வழி காட்டியது. வானொலி கேட்கும், நிற்கும்; பிள்ளைகள் உரக்கச் சொல்வார்கள்; அடுத்த நொடியே வானொலி சரியான விடையைச் சொல்லும். தவறாகச் சொன்ன பிள்ளை அங்கேயே திருத்திக்கொள்ளும். "அருமை, எல்லோரும் சரி!" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வானொலிக்குக் காது கிடையாது. தப்பாகச் சொன்னவனையும் அது பாராட்டிவிடும்.

ஒரு சொல்லில் பதில் சொல்ல மூன்று வினாடி, பத்து வரை சேர்ந்து எண்ணப் பத்துப் பன்னிரண்டு வினாடி, ஐந்து கூழாங்கல்லைப் பொறுக்கி வரிசையாக வைக்க 40 வினாடி என்று வைத்துத் தொடங்கலாம். இவை முதல் கணக்குதான். ஒலிப்பதிவுக்கு முன் பதினைந்து இருபது பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் நிறுத்துகடிகாரம் பிடிக்க வேண்டும். முதலில் கத்தும் பிள்ளையை வைத்து அளந்தால் மற்றவர்கள் அதன் வாயைப் பார்த்தே ஒப்பிப்பார்கள். நேரம் அதிகமானாலோ, கல் எறிதல் தொடங்கிவிடும்.

இனி நிலையத்தின் பொறியாளர்களுக்கு. பல நிலையங்களில் ஒலி சில வினாடி நின்றாலே கோளாறு என்று எண்ணி மாற்று ஒலிப்பதிவை ஓடவிடும் கருவி உண்டு. எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நடுவே சினிமாப் பாட்டு வந்து விழும். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் கருவியோ, அமைதியான இடத்தில் இரைச்சலை இழுத்து உயர்த்தும். ஆகவே ஐந்து வினாடிக்கு மேற்பட்ட இடைவெளிகளின் அடியில் மெல்லிய தாளமோ இசையோ ஓடட்டும். பெட்டி நின்றுவிட்டதோ என்று பெரியவர்கள் திருகவும் மாட்டார்கள். பேச்சும் இசையும் சேர்ந்த கலவையை ஒலிப்பதிவுக் கூடத்தின் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு ஒப்புதல் தராதீர்கள். கையடக்க வானொலியில், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். மத்தளத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், அதில் காணாமல் போயிருக்கும்.

பிள்ளைகளோடு ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. "அக்கா, இப்போது ஆளுக்கு ஐந்து குச்சி கொடுங்கள்" என்று அவரிடம் தனியாகப் பேச நிகழ்ச்சியில் ஒரே குரலை ஒதுக்குங்கள். அந்தக் குரல் வந்தால் வேலை தமக்கில்லை என்று பிள்ளைகளுக்கும் பழகிவிடும். அந்த வாரத்துக்குத் தேவையான கல், இலை, மூடி எல்லாம் ஒரு பக்கத் தாளில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

பாடம் அரைமணிக்கு மேல் வேண்டாம். அதற்குள்ளும் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறட்டும். பேச்சு, வீட்டில் பேசும் மொழியில்.

நேரலை விளையாட்டுக்காகவோ தலைவர் உரைக்காகவோ ஒருநாள் பாடத்தைத் தள்ளினால் தொடர் அறுந்துபோகும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அதன் எண்ணைச் சொல்லுங்கள். விட்டதை அதே வாரம் மறு ஒலிபரப்புச் செய்யுங்கள். மலை மறைக்கும் ஊர்களுக்குப் பண்பலை எட்டாது. அங்கே மத்திய அலை, அதுவும் இல்லையேல் பாடம் பதிந்த மெமரி கார்டு.

கடைசியாக பேட்டரி. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி, 40 வாரம் என்றால் 100 மணி நேரம். அதுவும் முழுச் சத்தத்தில். வானொலிப் பெட்டிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு பேட்டரிக்கு ஊர்க்காரர்களைக் கைகாட்டிய இடங்களில் பெட்டி சில மாதங்களிலேயே அலமாரிக்குப் போய்விடுகிறது. வரும் நிதிநிலைத் திட்டத்தில் பேட்டரிக்கோ சூரிய மின்தகட்டுக்கோ தனித் தலைப்பில் தொகை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வானொலிப் பாடம் தயாரிப்போர்