ஐந்து வகுப்பு நோட்டுகள், ஒரே மேசை: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

தொடக்கப்பள்ளியில் பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது, அதை யார் முன்னின்று நடத்துவது என்ற ஒரே பொருளை ஆண்டு முழுக்கப் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஒரே பேச்சை எத்தனை மாதம் பேசுவது என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். பதிவேட்டில் இருக்கிறது, மறைக்க முடியாது.

மாதக் கூட்டங்கள் 10 நடந்தன. 2 கூட்டங்கள் தேர்வு வேலையால் தள்ளிப்போய்க் கடைசியில் நடக்கவே இல்லை. செயற்குழு 4 முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் கூட்டம் ஒரு சொல்லிலேயே முடிந்துவிட்டது. ஒருவருக்குப் பாடநூல்தான் பாடத்திட்டம். இன்னொருவருக்குக் கால அட்டவணை. அலமாரியில் இருக்கும் கோப்பைச் சொன்னார் ஒரு தலைமையாசிரியர். “அடுத்த வகுப்பு ஆசிரியர், இது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறாரே, அதுதான் பாடத்திட்டம்” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன பிறகுதான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது. அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949-இலேயே நான்கு கேள்விகள் கேட்டார்: நோக்கம் என்ன, அதற்கு என்ன கற்றல் அனுபவங்கள் தரவேண்டும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் நாம் கட்டுக்கட்டாகத் தாள் செலவழிக்கிறோம். மூன்றாவதுக்கு, அதாவது எதற்குப் பின் எது என்பதற்கு, உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவதில்லை.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை மூன்றாவது கூட்டத்தில் நடந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி நீள மேசையில் வரிசையாகப் பரப்பினோம். ஒன்றாம் வகுப்பு நோட்டில் 3 + 4 = என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டம். இரண்டாம் வகுப்பில் எண்கள் பெரிதாகியிருந்தன. கட்டம் அதே இடத்தில். மூன்றிலும் அப்படியே. நான்காம் வகுப்பு ஆசிரியை 8 + 4 = ☐ + 5 என்று ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். கட்டத்துக்குள் 12. அடுத்த நோட்டிலும் 12. ஒரு பிள்ளை இருந்த எண்களையெல்லாம் கூட்டி 17 போட்டு, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தது. 7 இருந்தது ஒரே ஒரு நோட்டில், அதிலும் அழித்து எழுதிய தடத்தோடு.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் இதே கணக்கை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. அங்கும் பெரும்பாலும் 12, 17தான். சமக்குறியைப் பிள்ளைகள் “இரண்டு பக்கமும் சமம்” என்று படிப்பதில்லை, “இதோ விடை” என்று படிக்கிறார்கள். மூன்று ஆசிரியர்களில் யாரும் தவறாகச் சொல்லித்தரவில்லை. மூன்று ஆண்டுகளும் சேர்ந்துதான் தவறாகிவிட்டது. நான்காம் வகுப்பு ஆசிரியை, “என் வகுப்புக்கு வந்தபிறகு கெடுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்” என்றார். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மறுவாரமே 7 = 3 + 4 என்றும் 5 + 2 = 4 + 3 என்றும் எழுத ஆரம்பித்தார். “டீச்சர், தலைகீழா எழுதிட்டீங்க” என்று பிள்ளைகள் திருத்தினார்களாம். காசு செலவில்லாத மாற்றம். ஆனால் ஐந்து நோட்டும் ஒரே மேசைக்கு வராமல் அது கண்ணில் பட்டிருக்காது.

அறிவியல் நோட்டுகளில் வேறு கூத்து. செடியின் பாகங்களைப் படம் வரைந்து குறிப்பது மூன்று வகுப்புகளில் இருந்தது, ஏறக்குறைய அதே செடி. கேட்டால் சுருள்முறை என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் சொன்ன சுருள், அதே கருத்துக்கு ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகத் திரும்பி வருவது. முதல் முறை வேர், தண்டு, இலை என்று பெயர் சொன்ன பிள்ளை, அடுத்த முறை வேர் இல்லாவிட்டால் செடிக்கு என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கடுத்து, இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று கேட்க வேண்டும். நாம் செய்திருப்பது வட்டம்.

வாசிப்பைப் பற்றி இரண்டு கூட்டங்கள் நடந்தன, காரசாரமாகவே நடந்தன. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக அறிவியல், சமூக அறிவியல் நேரத்தை எடுத்து மொழிப்பாடத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தரப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறன் உறுதிப்படும்வரை அதற்குத் தினமும் நேரம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அப்புறம்தான் பிரச்சினை. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவர், பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரியாமல் வாசிப்பு ஓரளவுக்கு மேல் ஓடாது. அறிவியலை வெட்டி வாசிப்பை வளர்ப்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளியைப் பெரிதாக்குவது போல என்பது என் கருத்து. அறிவியல் நேரத்தை வெட்டக் கூடாது என்று தீர்மானமாக வைத்தபோது இழுபறியில்தான் நிறைவேறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் வேகமாக மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதித்து எழுதினார். அதை வைத்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டோம்: பாடம் தொடங்குமுன் சென்ற வாரம், சென்ற மாதம், சென்ற வகுப்பு என்று மூன்று கேள்விகள், மதிப்பெண் இல்லாமல். சிலர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். சரி, போகட்டும். மறுபடி தொடங்கலாம்.

முன்னின்று நடத்துவதைப் பற்றிப் பேசும்போது என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளியில் பொறுப்பிலிருந்தபோது விடுமுறை முழுக்கத் தனியாக உட்கார்ந்து 40 பக்கத்துக்கு ஆண்டுத்திட்டம் எழுதினேன். வண்ணக் கட்டங்கள், அம்புக்குறிகள் எல்லாம் உண்டு. திறந்த நாளில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். ஆண்டு முடிவில் ஒரு பிரதி கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அண்டைக்கொடுத்திருந்தது. பிறரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதும்போது நான் யாரையும் கேட்கவில்லை. அந்த 40 பக்கத்துக்குப் பதில், அடுத்தடுத்த வகுப்பு ஆசிரியர்கள் இருவரை மாதம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார வைத்திருக்கலாம்.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை இது. பாட ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் மட்டும் கொடுத்துவிட்டுப் பாடவேளையைக் குறைக்காமலிருப்பதை நிறுத்தும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது. ஒருங்கிணைப்பாளர்கள் வகுப்புக்குள் போவது பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கவும் நோட்டுகளைப் புரட்டவும். ஆசிரியருக்கு மதிப்பெண் போட அல்ல. புதிதாக ஒரு பாடப்பகுதியைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எதை எடுக்கிறோம் என்று அதே தாளில் எழுதவேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. சேர்க்க எல்லோருக்கும் ஆசை. எடுக்கப்படுவது தன் பாடமாக இருக்கக் கூடாது.

வரும் ஆண்டில் பின்னங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். அரை, கால் என்று வாயில் வருவதற்கும் எண்கோட்டில் அதை ஓர் எண்ணாகப் பார்ப்பதற்கும் நடுவில் எந்த வகுப்பில் பாலம் போடுகிறோம் என்று மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளிகளுக்கும், நோட்டுகளை ஒரு வாரம் பிரிந்திருந்த பிள்ளைகளுக்கும் நன்றி. மூன்றாவது கூட்டத்துக்கு வந்த நோட்டுகளில் 6 இன்னும் என்னிடமே இருக்கின்றன. அட்டையில் வகுப்பு மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. இன்று மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்தவர்கள் எடுத்துச் செல்லவும். அறிக்கையை ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்