செங்கண் தவளை மேல் வீண்பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் விஷத் தவளைகளைப் பற்றி வந்த கட்டுரை படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் போட்டிருந்த படம் செங்கண் மரத்தவளையினுடையது. பாவம், மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் அந்தத் தவளையிடம் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. பகலெல்லாம் கண்ணை மூடி, விலாவின் நீலப் பட்டைகளைக் கால்களால் மறைத்து, இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு தூங்கும். சீண்டினால் சட்டென்று சிவப்புக் கண்ணைத் திறக்கும். வந்த பாம்பு ஒரு நொடி திகைத்தால் அதற்குள் தாவிவிடலாம். இது மிரட்டிவிட்டு ஓடுகிற வித்தை. விஷம் உண்டு என்று அறிவிக்கும் எச்சரிக்கை நிறம் என்பது வேறு.

எச்சரிக்கை நிறம் உள்ள தவளை பொதுவாக ஒளிவதில்லை. கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் வாழும் தங்க அம்புத் தவளை சுமார் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும்; பட்டப்பகலில் தரையில் சாவகாசமாக நடமாடும். அதன் தோலில் உள்ள பாட்ரகோடாக்சின் என்ற விஷம், நரம்பு செல்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். அங்குள்ள எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியை இதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவது வழக்கமாக இருந்தது. அம்புத் தவளைகள் எல்லாமே இதற்குப் பயன்பட்டதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மூன்று இனங்கள்தான்.

கட்டுரை தொடாமல் விட்டது பறவையின் பக்கத்தை. விஷம் மட்டும் இருந்து தவளைக்கு என்ன லாபம்? பறவை விழுங்கிய பிறகு தெரிந்துகொண்டால் தவளையின் உயிர் போனது போனதுதான். கசப்பில் துப்பிய பறவைக்கு அடுத்த முறை பார்த்த மாத்திரத்தில் ஞாபகம் வரவேண்டும். அதற்குத்தான் கறுப்பும் மஞ்சளும், கறுப்பும் சிவப்புமாக அடிக்கிற நிறங்கள். கம்பளிப்புழுக்களுக்கு ஏன் பளிச்சென்ற நிறம் என்று டார்வின் குழம்பினார். இணை தேடாத பருவத்தில் அழகு எதற்கு? இயற்கையியலாளர் வாலஸ் 1867இல் சொன்ன விடை இந்த எச்சரிக்கைதான். 1890இல் விலங்கியலாளர் போல்டன் இதற்கு வைத்த பெயரிலிருந்துதான் இன்றைய அபோசெமாட்டிசம் என்ற சொல் வந்தது.

அதற்காக நிறத்துக்கும் இணைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பனாமாவின் போகாஸ் டெல் டோரோ தீவுகளில் ஸ்ட்ராபெரி அம்புத் தவளை ஒரு தீவில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் நீலம். பெண் தவளைகள் பெரும்பாலும் தம் தீவின் நிறத்தையே நாடுகின்றன. ஒரே தோல் இரண்டு வேலை செய்கிறது.

நிறத்தைத் தேவைப்படும்போது மட்டும் காட்டுகிறவையும் உண்டு. ஐரோப்பாவின் நெருப்பு வயிற்றுத் தேரையை மேலிருந்து பார்த்தால் சேறும் அதுவும் ஒன்றுதான். தப்ப வழியில்லை என்றால் முதுகை வில்லாக வளைத்து, கால்களைத் தூக்கி, அடியில் உள்ள ஆரஞ்சுத் திட்டுகளைக் காட்டி அப்படியே அசையாமல் கிடக்கும்.

இன்னொன்று, அம்புத் தவளைகள் இந்த விஷத்தைத் தாமே தயாரிப்பதில்லை. எறும்பு, சிலந்திப்பேன் போன்ற இரைகளிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன. கண்ணாடித் தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளையிடம் நிறம் அப்படியே இருக்கும், விஷம் இருக்காது.

படம் மாறியதைக்கூட விட்டுவிடலாம். பெட்டிச் செய்தியில் 'மங்கிய நிறத் தவளைகளால் ஆபத்தில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. கரும்புத் தேரை வெறும் பழுப்பு நிறம்தான். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பிகளில் இருக்கும் அதன் விஷம், கவ்விய நாயைக் கொன்றுவிடும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பக்கம் என்பதால் அந்த வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்