வேதாரண்யத்துல சுவத்துல பதிச்ச ஏடிஎம் மெஷின்களுக்கு மழையும் உப்புக்காத்தும் ஏறாம பாதுகாப்பு செஞ்சு தரக் கேட்டு மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பொருள்: தெருவப் பாத்து சுவத்துல பதிச்சிருக்கற ஏடிஎம் மெஷின்கள்ல மழத்தண்ணி எறங்குறது, கரண்ட் கசியுறது, மழைக்காலத்துல நின்னு போறது – வங்கியாளர் கூட்டத்துல எடுத்துப் பேசி நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

ஐயா,

வணக்கம்ங்க. நான் வேதாரண்யத்துல கட்டட மேஸ்திரி, 26 வருசமா இந்த ஊரு சுவத்தோடதான் என் பொழப்பு. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல நேர்ல வந்து குடுக்கலாம்னு ரெண்டு வாரம் பாத்தேன், அந்தக் கூட்டத்துல ரெண்டு நிமிசத்துல சொல்லி முடிக்கிற விசயமா இது இல்ல, அதனால நான் சொல்லச் சொல்ல எம் மக போன்ல டைப் பண்ணின மனு இது, எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சு விசயத்த மட்டும் பாருங்க.

எங்க கடைத்தெருவுல ஒரு பேங்கோட ஏடிஎம் இருக்கு. கண்ணாடிக் கதவு போட்ட ரூமுக்குள்ள நிக்கிற மெஷின் இல்ல, சுவத்த ஒடச்சு மூஞ்சி மட்டும் தெருவப் பாக்குற மாதிரி பதிச்சது. காசுப்பெட்டி உள்ள ஏசி ரூம்ல இருக்கு, ஸ்கிரீன், கார்டு வாய், நம்பர் பட்டன், காசு வர்ற கதவு நாலும் வெளிய. பேங்க் எது கட்டடம் எதுன்னு தனித்தாள்ல எழுதி இணைச்சிருக்கேன், மனுவுக்குள்ள எழுதல, ஏன்னா இதே மாதிரி பதிச்ச மெஷின வேலைக்குப் போற எடத்துல இன்னும் ரெண்டு பாத்துட்டேன், அங்கயும் இதே கததான், ஒரு பேங்க மட்டும் கைகாட்டுனா மத்தது அப்படியே கெடக்கும்.

அந்த சுவரு கிழக்கு பாத்த சுவரு. ஐப்பசி பொறந்துட்டா எங்க ஊர்ல மழ மேலேர்ந்து எறங்காது ஐயா, கடல் பக்கத்துலேர்ந்து வரும், கொண்டல் காத்து தூக்கிட்டு வந்து படுக்கப்போட்டு அடிக்கும். மெஷினுக்கு மேல ஒன்றரை அடிக்கு ஒரு சன்ஷேடு இருக்கு, வெயிலுக்கு ஏதோ பரவால்ல, படுத்து வர்ற மழைக்கு அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், சாரல் மொத்தமும் பட்டன் மேலயும் கார்டு வாய்லயும்தான் விழும்.

போன வருசம் ஐப்பசி கடைசில எங்கம்மா 6,000 ரூபா எடுக்கப் போனாங்க, முதியோர் உதவித்தொகையும் நான் போட்டு வச்சதும் சேத்து. கார்டு போட்டாங்க, நம்பர் அடிச்சாங்க, உள்ள கரகரன்னு சத்தம் கேட்டுச்சு, 6,000 எடுத்தாச்சுன்னு என் போனுக்கு மெசேஜ் வந்துருச்சு, கதவு மட்டும் தொறக்கல. அம்மா அந்த மழையில அரை மணி நேரம் அங்கயே நின்னுருக்காங்க, நாம நகந்தா பின்னாடி வர்றவங்க காசு எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னு பயந்துகிட்டு. உள்ள ஈரம் ஏறி நோட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சுன்னு அப்புறமா சர்வீசுக்கு வந்த தம்பி சொன்னாரு. காசு வராம கணக்குல கழிஞ்சா 5 நாளுக்குள்ள தானா திருப்பிப் போடணும், அதத் தாண்டுனா நாளுக்கு 100 ரூபா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்லயே சொல்லிட்டாங்க, எங்களுக்கு 19 நாள் ஆச்சு, மேல ஆன 14 நாளுக்கு 1,400 ரூபாய அலைஞ்சு கேட்டுதான் வாங்குனேன். அது முடிஞ்சு போச்சு, அந்தப் புகாரோட நான் இப்ப வரல.

நான் வந்தது வேற ஒண்ணுக்கு. அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா எடுக்கப் போயி ஈரக் கையோட பட்டன தொட்டப்ப சுர்ருன்னு ஏறிருக்கு. வெறுங்காலு, கீழ தண்ணி. கைய ஒதறிட்டு ஓடியாந்துட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அந்த மெஷின் பக்கம் போகல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆயிருந்தா இந்த மனு இந்த மாதிரி இருந்திருக்காது.

அன்னைக்குத்தான் வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு ஏணி போட்டு முழுசா பாத்தேன். மெஷின்ல கொற இல்லைங்க, மெஷின வச்ச ஓட்டையிலதான் கொற. மெஷினோட தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல அரை இஞ்சு சந்து, அத செமெண்டு பூசி அடச்சிருக்காங்க. தகரம் வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும், செமெண்டு அந்த அளவுக்கு அசையாது, ஆறே மாசத்துல முடி மாதிரி வெடிப்பு விட்டுரும், அது வழியா தண்ணி உள்ள போகும். அப்புறம் யாரோ வந்து அந்த வெடிப்பு மேல சிலிக்கான் அடிச்சிருக்காங்க, அதுவும் வினிகர் மாதிரி புளிச்ச வாசன வர்ற சிலிக்கான், அது கண்ணாடிக்கு ஆகும், செமெண்டுல ஒட்டாது, இரும்புல பட்டா துருவ இன்னும் கூட்டும். நாலு பக்கமும் அடச்சதுல கீழ் பக்கம் வடியுறதுக்கு ஒரு ஓட்ட கூட இல்ல, உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம அங்கயே நிக்கிது. ஓட்டையோட அடிப்பக்கத்துல வெளிய பாத்து வாட்டம் குடுத்திருக்கணும், உள்ள பாத்து குடுத்து வச்சிருக்காங்க, இத எந்தக் கொத்தனார் செஞ்சாரோ எனக்கு மனசே ஆறல, ஜன்னலுக்குக் கூட நாங்க அப்படி செய்ய மாட்டோம். சன்ஷேடு விளிம்புக்கு அடியில ஒரு விரக்கட அகலத்துக்கு காடி எடுத்து விட்டா தண்ணி அங்கயே சொட்டிரும், அதுவும் எடுக்கல, அதனால சன்ஷேடுக்கு அடியிலயே ஊர்ந்து சுவத்துக்கு வந்து நேரா ஸ்கிரீனுக்கு மேல எறங்குது.

இதுல ஏசி வேற. உள்ள ரூம் சில்லுன்னு இருக்கும், வெளிய கடக்கர புழுக்கம், அந்த சந்து வழியா புழுக்கமான காத்து உள்ள போயி சில்லுன்னு இருக்கற தகரத்துல பட்டா ஐஸ் தண்ணி டம்ளருக்கு வேர்க்கிற மாதிரி வேர்க்கும், மழையே இல்லாத அன்னைக்கும் வேர்க்கும். நோட்டு ஈரமாகுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உப்பப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. 1930-ல ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளின அகஸ்தியம்பள்ளி இங்கேர்ந்து கூப்பிடு தூரம், இன்னைக்கும் உப்பளம் நடக்குது, காத்துலயே உப்பு. வாங்கி ஒரு வருசம் ஆன சைக்கிள் செயினு எங்க ஊர்ல துருப்பிடிக்கும். கேட்டுக்கும் கைப்புடிக்கும் ஸ்டீல் போடுறப்ப 304-ங்கிற ரகம் போட்டா புள்ளி புள்ளியா செங்கல் கலர்ல துரு வரும், 316-ங்கிற ரகம் போட்டாதான் நிக்கும்னு நாங்க பட்டறைலயே கேட்டு வாங்குறோம். ஆனா கடல விட்டுத் தள்ளி இருக்கற ஊர்ல வைக்கிற அதே பிட்டிங்கதான் கடக்கரையிலயும் வைக்கிறாங்க. இந்த மெஷின்ல கண்ணு தெரியாதவங்க இயர்போன் சொருகி கேட்டு காசு எடுக்குறதுக்குன்னு ஒரு ஓட்ட இருக்கு, அதுக்குள்ள பச்ச பிடிச்சுக் கெடக்கு, எங்க தெருவுல பார்வை இல்லாத ஒரு அண்ணன் நம்பரயும் கார்டையும் அடுத்தவங்க கையில குடுத்துதான் காசு எடுக்குறாரு. அவரு வேற என்ன செய்வாரு.

சுவத்துல மெஷின் வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லலைங்க. 1967-ல லண்டன் பக்கம் என்ஃபீல்டுல வச்ச முதல் மெஷினே தெரு சுவத்துலதான் வச்சாங்கன்னு மக படிச்சு சொன்னா, அங்கயும் மழதான் குளிருதான். ரூம் பூட்டுன பிறகும் ராத்திரி பகல் எந்நேரமும் காசு எடுக்கலாம், கதவு படி ஏறாம வீல்சேர்ல வர்றவங்களும் எட்டி எடுக்கலாம், நல்ல ஏற்பாடுதான். ஒழுங்கா வைக்கணும், அவ்ளோதான்.

சரி பேங்க்ல சொல்லலாம்னு போனேன். மேனேஜர் நல்லபடியா உக்கார வச்சுதான் பேசுனாரு, மெஷின் எங்களது இல்ல, காண்ட்ராக்ட் கம்பெனியோடதுன்னாரு. கம்பெனி நம்பருக்கு போட்டா மெஷின் உள்ள ரிப்பேருன்னா நாங்க, சுவரு வேல கட்டட ஓனரு பாக்கணும்னு சொன்னாங்க. ஓனரக் கேட்டா சுவத்த வாடகைக்கு விட்டேன், ஓட்ட போட்டது பேங்க், அவங்கதான் அடைக்கணும்ங்கிறாரு. மூணு பேர் சொல்றதும் அவங்கவங்க பேப்பர்ல சரியாவே இருக்கலாம். ஆனா அந்த அரை இஞ்சு சந்துக்கு மட்டும் சொந்தக்காரங்க யாருமே இல்ல ஐயா, தண்ணி எறங்குறது அந்த சந்துலதான். பெட்டில காசு தீந்து மாசத்துல 10 மணி நேரத்துக்கு மேல மெஷின் கெடந்தா 10,000 ரூபா அபராதம்னு ரிசர்வ் பேங்க் 2021 அக்டோபர்லேர்ந்து வச்சிருக்காங்க, ஆனா அது காசு தீர்றதுக்கு, காசு இருந்தும் தண்ணி எறங்கி நிக்கிறதப் பத்தி அது பேசல. அதனாலதான் பேங்குக்கு மேல ஒருத்தர் சொன்னாத்தான் நடக்கும்னு உங்ககிட்ட வர்றேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லா பேங்கையும் கூட்டி உங்க தலைமைலதான் கூட்டம் நடக்குது, முன்னோடி வங்கி மேலாளரும் அதுல இருக்காரு, பேரிடர் மேலாண்மைக்கும் மாவட்டத்துல நீங்கதான் தலைவர்.

பேரிடர்னு ஏன் சொல்றேன்னா, 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் கர ஏறுனப்ப நாங்க இங்கதான் இருந்தோம். தென்னையெல்லாம் படுத்துருச்சு, கரண்ட் வர வாரக்கணக்காச்சு, டவரும் போச்சு. இப்ப எல்லாரும் போன்லயே காசு அனுப்புறாங்க, ஏடிஎம் எதுக்குன்னு கேக்குறவங்க அந்த வாரம் எங்க ஊர்ல இருந்திருக்கணும். கையில நோட்டு இருந்தவன் மெழுகுவர்த்தியும் பாலும் வாங்குனான், கணக்குல மட்டும் வச்சிருந்தவன் கடன் சொன்னான். புயலுக்கு முந்தின நாள் காசு எடுக்க ஊரே வரிசையில நிக்கும், அந்த நாள் கட்டாயம் மழ நாளாத்தான் இருக்கும், அன்னைக்கு மெஷின் நின்னா அதுக்கு மேல எந்த மெஷினும் எங்களுக்கு உதவாது.

நான் கேக்குறது இதுதாங்க. வர்ற வங்கியாளர் கூட்டத்துல, மாவட்டத்துல வெளி சுவத்துல பதிச்ச மெஷின் எத்தன இருக்கு, எது எது எந்தத் திசை பாத்து இருக்குன்னு முதல்ல ஒரு லிஸ்ட் கேளுங்க, கிழக்கும் வடக்கும் பாத்தத முன்னாடி சரி பண்ணச் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் அந்த சந்து யாரு பொறுப்புன்னு எழுத்துல ஒரே ஒரு பேரு போடச் சொல்லுங்க, பேங்க் பேரே போட்டாத்தான் நல்லது, காசு போட்ட ஜனங்களுக்குத் தெரிஞ்சது பேங்க் மட்டும்தான். எர்த் சரியா இருக்கா, கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற பிரேக்கர் இருக்கான்னு மின் ஆய்வாளர விட்டு மழைக்கு முன்னாடி பாக்கச் சொல்லுங்க, மத்தது எல்லாம் தள்ளிப் போனாலும் இது ஒண்ண மட்டும் தள்ளக்கூடாதுன்னு கையெடுத்துக் கேக்குறேன். புதுசா வைக்கிற மெஷினுக்கு, தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்ளோ தாங்கும்னு காட்டுற ஐபின்னு ஒரு நம்பர் பாக்கணும், அதுல ரெண்டாவது எண் தண்ணிக்கு, 3-ன்னு இருந்தா மேலேர்ந்து 60 டிகிரி சாஞ்சு வர்ற மழை வரைக்கும்தான் அதுக்கு டெஸ்ட், 4-ன்னா எந்தப் பக்கம் தெறிச்சாலும் தாங்கும், எங்க காத்துக்கு 4-க்கு கொறஞ்சா ஆகாது. அந்த நம்பர் உப்பப் பத்தி எதுவும் சொல்லாது, அதனால வெளிய தெரியுற ஸ்டீல் 316 தானான்னு தனியா கேக்கணும்.

சுவரு வேல பெரிய செலவு இல்ல ஐயா. பழைய செமெண்ட கொத்தி எடுத்துட்டு சந்துல நுரைக் கயிறு திணிச்சு, அதுக்கு மேல புளிச்ச வாசன வராத வெளிவேலை சிலிக்கான் மூணு பக்கம் அடிச்சு, கீழ வடிய வழி விட்டு, வாட்டத்த வெளிய திருப்பி, சன்ஷேடு விளிம்புல காடி எடுத்து, ரெண்டு பக்கமும் ரெண்டு அடிக்கு மறப்பு சுவரு எழுப்புனா தூவானம் பாதி அங்கயே நின்னுரும், நிக்கிற ஆளும் நனையாது, நம்பர் அடிக்கிறதும் அடுத்தவங்களுக்குத் தெரியாது. உள்ள யுபிஎஸ்ஸும் பேட்டரியும் தரையில வச்சிருக்காங்க, மூணு அடி ஒசரத்துக்கு திட்டு கட்டி தூக்கி வச்சா தெருத்தண்ணி உள்ள வந்தாலும் பொழச்சுக்கும். நானும் ஒரு சித்தாளும் ரெண்டு நாள்ல முடிச்சிருவோம், அதுக்கு மேல ஆகாது. இந்த வேலைய எனக்குக் குடுங்கன்னு கேக்கல, எந்த மேஸ்திரி செஞ்சாலும் சரி, பக்கத்துல நின்னு காட்டித் தர கூலி இல்லாம வர்றேன்.

ஐப்பசிக்கு முன்னாடி முடிஞ்சா எங்கம்மா மாதிரி ஆளுங்க இந்த மழைக்கு நனைய வேண்டாம். தாசில்தார் ஐயாவோ யாரோ வந்து பாக்குறதா இருந்தா முந்தின நாள் ஒரு போன் போடச் சொல்லுங்க, ஏணி எடுத்துட்டு வந்து சந்து எங்க இருக்கு, தண்ணி எங்க நிக்கிதுன்னு நேர்லயே காட்டுறேன்.

இணைப்பு: மெஷின் இருக்கற எடத்தோட விவரம், நான் எடுத்த போட்டோ 7, கடைத்தெரு ஆளுங்க 43 பேர் கையெழுத்து.

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி மற்றும் கடைத்தெரு பொதுமக்கள்,
வேதாரண்யம்.