மலைப்பாதையில் ஹெட்செட் மாட்டிப் பேசினாலும் ஆபத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வாடகை காரில் வந்துகொண்டிருந்தேன். அரவேணு நெருங்கும்போது ஓட்டுநர் தம்பிக்கு போன் வந்தது. காதில் ப்ளூடூத் மாட்டியிருந்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன, கண்ணும் ரோட்டில்தான் இருந்தது. வீட்டிலிருந்து ஏதோ ரசீதைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது, இவர் "பீரோல ரெண்டாவது தட்டு, துணிக்கு அடியில பாரு, இல்லைன்னா சாமி படத்துக்குப் பின்னாடி" என்று சொல்லிக்கொண்டே ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினார். அந்த வளைவில் தேயிலைச் செடிகளை ஒட்டி ஒரு காட்டெருமை, முன்னங்கால் இரண்டும் தார் ரோட்டின் மேல் வைத்து நின்றிருந்தது. எங்கள் ஊரில் காட்டெருமை அதிசயமில்லை, வாசலுக்கே வரும். ஆனால் இதைக் கையெட்டும் தூரத்தில் கடந்தோம், வேகம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பேசி முடித்ததும் "தம்பி, அந்தக் காட்டெருமையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எதுங்க டீச்சர்?" என்றார்.

அவர் நிஜமாகவே பார்க்கவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், மூளை பற்றிய பாடம் வரும்போது ஒரு வீடியோ காட்டுவது வழக்கம், அதனால் எனக்கு அது புரிந்தது. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் வெளியிட்ட பரிசோதனை அது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்வார்கள், நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நடந்து வந்து மார்பில் அடித்துக்கொண்டு போவார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தக் கொரில்லா தெரியவே இல்லை. பழக்கமில்லாதவர்களுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2013-இல் இதையே ஸ்கேன் படம் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர்களிடம் செய்து பார்த்தார்கள். நுரையீரல் படத்தில், அவர்கள் தேடும் கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தை ஒட்டி வைத்தார்கள், 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலானவர்களின் கண் கொரில்லா இருந்த இடத்தில் போய் நின்றிருக்கிறது. கண் பார்த்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

மனக்கணக்கு போடும்போது மீதியைக் கொஞ்ச நேரம் ஏந்திப் பிடிக்கிறோமே, அந்த இடத்துக்குப் பெயர் செயல்படு நினைவு. அது மிகவும் சின்ன இடம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு விஷயம், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார், பிறகு 2001-இல் நெல்சன் கோவன் நான்கு வரைதான் என்று குறைத்தார். சரி, நான்கு என்றே வைத்துக்கொள்வோம். கோத்தகிரி ரோட்டில் இறங்கும் ஓட்டுநருக்கு எதிரே மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கு இடம் விட வேண்டும், வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டதா என்று காது வைக்க வேண்டும், பிரேக் சூடாகிறதா பார்க்க வேண்டும், பனிமூட்டத்தில் வெள்ளைக் கோட்டை விடாமல் பிடிக்க வேண்டும், பலாப்பழ சீசன் என்றால் குஞ்சப்பனைப் பக்கம் யானையும் நிற்கும். இதற்கே இடம் போதவில்லை. இதில் பீரோவின் இரண்டாவது தட்டு எங்கே போய் உட்காரும்?

அந்தத் தட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1974-இல் கிரஹாம் ஹிட்சுடன் சேர்ந்து செயல்படு நினைவை விளக்கிய உளவியலாளர் ஆலன் பேட்லி, தன் அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பெரிய சாலையில் கார் ஓட்டிக்கொண்டே வானொலியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்ட வர்ணனை கேட்டாராம், ஆட்டம் மனதில் படமாக ஓட ஓட கார் தடத்தை விட்டு அலைந்ததாம். உடனே பாட்டுக்கு மாற்றிக்கொண்டார். மனதுக்குள் ஒரு சிலேட்டு இருக்கிறது, எதிரே இருக்கும் ரோட்டையும் அதில்தான் வரைகிறோம், தொலைவில் இருக்கும் வீட்டையும் அதில்தான் வரைகிறோம். ரசீதைத் தேடும் ஓட்டுநர் அந்த நிமிடத்தில் தன் வீட்டு அறைக்குள் நிற்கிறார், வளைவில் நிற்பது கார் மட்டும்தான்.

இதையெல்லாம் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-இல் செய்த ஆய்வில், போனில் பேசியவர்கள் தவறவிட்ட சிக்னல்கள் இரண்டு மடங்கானது. கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் வித்தியாசமே இல்லை! வானொலியைச் சும்மா கேட்டவர்களுக்கு அந்தக் கெடுதல் வரவில்லை. 2008-இல் மார்செல் ஜஸ்ட் குழுவினர் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, திரையில் வண்டி ஓட்டச் சொல்லி, காதில் வாக்கியங்களைச் சொல்லி உண்மையா பொய்யா என்று கேட்டார்கள். வண்டி ஓட்டுவதற்குத் தேவையான மேல்பக்க மூளையின் வேலை 37 சதவீதம் குறைந்தது. போனை வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. குரலால் இயக்கும் கார் கருவிகளை வைத்து 2015-இல் ஸ்ட்ரேயர் குழு பார்த்தபோது, வேலை முடிந்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 225 மீட்டர் தூரம். எங்கள் ரோட்டில் அதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்துவிடும்.

"இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன்" என்று சொல்லாத ஓட்டுநர் இல்லை. உண்மைதான், பழகப் பழக கியரும் கிளட்சும் தானாக நடக்கும், அதற்கு மனதில் இடம் வேண்டியதில்லை, அந்த மிச்ச இடம்தான் பேசலாம் என்ற தைரியத்தைக் கொடுக்கிறது. ஆனால் காட்டெருமை எந்த வளைவில் நிற்கும் என்பது பழக்கத்தில் வராது. வகுப்பில் ஒரு மாணவி, அப்படியானால் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எப்படிச் செய்தார் என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. 1907-இல் சென்னையில் அவர் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துக் காட்டியது நம் தமிழுக்கே பெருமை. அவதானத்தில் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும், அவற்றைப் பல ஆண்டுப் பயிற்சியால் நிலையான நினைவில் கோத்து வைத்துத் திரும்ப எடுப்பார்கள். ரோடு முறை வைத்துக் கேட்காது என்று அவளுக்குச் சொன்னேன்.

அப்படியானால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடும் பேசக்கூடாதா என்று கேட்பார்கள். அதையும் 2008-இல் ஸ்ட்ரேயர் குழுவினரே சோதித்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போது ஓட்டுவது அந்த அளவுக்குக் கெடவில்லை. காரணம் நமக்கே தெரியும். எதிரே லாரி வந்தால் நாமும் வாயை மூடிக்கொள்வோம், "அண்ணா, பார்த்து" என்போம். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்.

நம் சட்டமும் இதில் கையைத்தான் பார்க்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், ஆபத்தாக ஓட்டுவதில் சேர்த்திருப்பது கையில் பிடிக்கும் கருவியை. அதனால் காதில் மாட்டிவிட்டால் தப்பில்லை என்று ஓட்டுநர்கள் நல்ல மனதோடு நம்புகிறார்கள், கார் கம்பெனிகளும் அதை வசதி என்று சொல்லித்தான் விற்கின்றன.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கூப்பிடுவது நாம்தானே! சீசன் நேரத்தில் லாட்ஜிலிருந்து "எங்க வந்துட்டீங்க?" என்று மூன்று முறை கூப்பிடுகிறார்கள், டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து அடுத்த சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள், எடுக்காவிட்டால் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. மலை ஏறும் ஓட்டுநர் போனை எடுக்காததற்காக யாரும் சவாரியை மாற்றக்கூடாது என்று விடுதிக்காரர்களும் டிராவல்ஸ்காரர்களும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று மலைப்பாதையில் பலகை வைத்திருக்கிறோம், அதே எழுத்தில் "ஹெட்செட்டிலும் பேச வேண்டாம்" என்று கல்லாறு, குஞ்சப்பனை இரண்டு இடத்திலும் ஒரு பலகை வைக்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பேச வேண்டியவர்கள் அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, ஒரு டீ குடித்து, ரசீது இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு ஏறட்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.