பதினெட்டு அடிக்குறிப்புகள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபிக்காதே, அக்கா மகன் விஷயமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அவன் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது உனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டான். சில நாளில் தலைசுற்றல், குமட்டல். மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறது என்றான். ஏன்டா நிறுத்தினாய் என்று கேட்டால் கைப்பேசியை நீட்டுகிறான். இந்த மாத்திரைகள் வேலை செய்யாது என்று அறிவியலே நிரூபித்துவிட்டதாக ஒரு கட்டுரை. கீழே பதினெட்டு அடிக்குறிப்புகள். "இவ்வளவு ஆதாரம் இருக்கே மாமா!"

வாத்தியார் புத்தி போகுமா? முதல் அடிக்குறிப்பைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 2022இல் லண்டனிலிருந்து ஜொவானா மொன்கிரீஃப் குழு எழுதியது. மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள். மாத்திரை பலன் தருகிறதா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. உடம்பில் பனடோல் குறைந்தா நமக்குத் தலைவலி வருகிறது? ஆனாலும் பனடோல் கேட்கிறதே. பலனைப் பார்த்தது வேறு ஆய்வு: 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிப்ரியானி குழுவினுடையது. 522 பரிசோதனைகள், 116,477 பேர். பார்த்த 21 மருந்துகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல். பெரிய வித்தியாசம் என்று அவர்களும் சொல்லவில்லை, கணக்கும் ஏறக்குறைய 8 வாரத்துக்குத்தான். அதையும் அவனிடம் மறைக்கவில்லை.

நம் பள்ளியில் ஒரு பையன், 'வள்ளுவர் கூறுகிறார்' என்று எழுதி, கீழே சொந்தக் குறள் ஒன்றைச் சேர்ப்பானே, நினைவிருக்கிறதா? இந்தக் கட்டுரைக்காரர் அவனையும் மிஞ்சிவிட்டார். குறளை அப்படியே எழுதிவிட்டு, பொருளை மட்டும் மாற்றிவிட்டார். அவனுக்குச் சுழி போட்டோம். இவரை என்ன செய்வது?

சரி, நீ சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பால் குடித்தால் மனச்சோர்வு போகும் என்று ஆதாரத்தோடு உனக்கு அனுப்பியவன் நான்தான். இப்போது அதையும் தேடிப் பார்த்தேன். குஜராத்தில் 60 பேரை மூன்று குழுவாக்கி 6 வாரம் செய்தது. வெற்று மாத்திரைக் குழுவே கிடையாது. கொடுத்தது நாளுக்கு 1,000 மில்லிகிராம் குர்குமின். மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் தினம் 30 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். அதைப் பாலில் கலந்தால் மீன் கறிக்குத்தான் ஆகும்.

பையன் டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டான். நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாக, சொல்லிவிட்டுச் செய் என்றாராம். நேற்று என்னோடு தண்ணீர்மலைக்கு வந்தான். பாதிப் படியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைப்பூசத்துக்கு ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. பட்டர்வொர்த்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணியம்