‘முழு உரம்’ பாக்கெட்டில் எது இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் மாடித் தோட்டப் பகுதியில், எந்தச் செடிக்கும் 19:19:19 முழு உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேரில் ஊற்றினால் போதும் என்று வந்திருந்தது. வடசென்னையில் அதை அப்படியே செய்தால் பத்துப் பதினைந்து நாளில் இலை நுனி கருகும். 5 கிராம் என்பது வயலில் இலைமேல் தெளிப்பதற்கான அளவு. தெளிக்கும்போது செடிக்குச் சில மில்லி கரைசல்தான் போய்ச் சேரும். அதே கரைசலைச் செடி வளரும் பையில் இரண்டு லிட்டர் ஊற்றினால் 10 கிராம் உப்பு வேரடியில் தங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் 950 மில்லிகிராம். பையில் வளரும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் 150 முதல் 200 மில்லிகிராம் இருந்தாலே தாராளம். வேரில் ஊற்ற லிட்டருக்கு 1 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

அளவைத் திருத்திக்கொள்வது எளிது. ‘முழு உரம்’ என்ற பெயரை நம்புவதில்தான் சிக்கல். பாக்கெட்டில் இருக்கும் மூன்று எண்களும் தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் சொல்கின்றன. அதிலும் மணி, சாம்பல் சத்துகள் இரண்டும் ஆக்சைடு கணக்கில், அதாவது ஆக்சிஜன் எடையும் சேர்த்து, அச்சிடப்படுகின்றன. மணிச்சத்து 19 சதவீதம் என்பதை 0.436ஆல் பெருக்கினால் உண்மையான பாஸ்பரஸ் 8.3 சதவீதம். சாம்பல்சத்தை 0.83ஆல் பெருக்கினால் பொட்டாசியம் 15.8 சதவீதம். கால்சியம் ஒரு துளியும் கிடையாது. அது இல்லாததற்குக் காரணம் உண்டு: கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே பாக்கெட்டில் இருந்தால், தண்ணீரில் கரைத்ததும் இரண்டும் சேர்ந்து வெள்ளைக் கசடாகி அடியில் படிந்துவிடும். எந்தக் கம்பெனி சரக்கானாலும், தெளிவாகக் கரையும் 19:19:19இல் கால்சியம் இருக்க வழியில்லை. மெக்னீசியமும் பெரும்பாலும் இருக்காது. நுண்ணூட்டம் சேர்த்தது என்று எழுதியிருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான், மாலிப்டினம் ஆறுக்கும் சதவீதம் போட்டிருக்க வேண்டும். எண் இல்லாமல் ‘நுண்ணூட்டம் அடங்கியது’ என்று மட்டும் இருந்தால் அதை விளம்பர வரியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத்தில் பார்க்க இன்னொன்றும் உண்டு. 19 சதவீதத் தழைச்சத்து எந்தெந்த வடிவில் இருக்கிறது என்பது அங்கே அச்சாகியிருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரையறைப்படி இந்த வகையில் 10.5 சதவீதம் வரை யூரியா வடிவில் இருக்கலாம். நைட்ரேட் வடிவில் 4 சதவீதம்தான். மண்ணில் இது பெரிய பிரச்சினை இல்லை, யூரியாவைச் செடி எடுக்கும் வடிவுக்குக் கிருமிகள் மாற்றிக் கொடுத்துவிடும். புதிதாக ஊறவைத்த தென்னை நார்க் கழிவில் அந்தக் கிருமிகள் பெருக நாளாகும். அதுவரை ஊற்றியதில் பாதிக்கு மேல் செடிக்கு உடனே கிடைக்காது. இன்னொரு வேடிக்கை: யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லாததால் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் அது தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று இன்னொரு கரண்டி போடுபவர்கள் உண்டு.

இனி தண்ணீர். உரம் தேர்ந்தெடுப்பது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வடசென்னையில் ஒரே தெருவில் பல விதத் தண்ணீர் வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறியது பல பத்தாண்டுகளாகப் பேசப்படும் விஷயம். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு கரையோரம் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். மெட்ரோ தண்ணீரிலோ ஏரி நீரோடு காட்டுப்பள்ளிக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் நீரும் சில பகுதிகளுக்குக் கலந்து வருவதுண்டு. 2010இல் தொடங்கிய அந்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும்போது கால்சியம், மெக்னீசியம் இரண்டும் போய்விடும். குழாயில் விடுமுன் சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்வது வழக்கம். மெக்னீசியத்தைத் திரும்பச் சேர்ப்பது அபூர்வம். ஆகவே மெட்ரோ தண்ணீர் ஊற்றுபவருக்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) தேவைப்படும். கரையோர போர் தண்ணீரில் கதை நேர்மாறு. கடல்நீரில் கால்சியத்தைப்போல மூன்று மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. அந்த நீரில் எப்சம் உப்பையும் கொட்டினால், ஏற்கெனவே சோடியத்தோடு மல்லுக்கட்டும் கால்சியம் இன்னும் பின்தள்ளப்படும். அங்கே கால்சியம் நைட்ரேட்தான் முதலில் வேண்டியது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வரையறைப்படி கரைந்த உப்பு 450 பி.பி.எம். (லிட்டருக்கு 450 மில்லிகிராம்) வரை தடையில்லை, 2,000க்கு மேல் கடும் கட்டுப்பாடு வேண்டும். பையில் வளரும் செடிக்கு நடைமுறையில் இன்னும் கறாராக இருப்பது நல்லது. 300க்குள் என்றால் முழு அளவு உரம். 700 வரை முக்கால் பங்கு. 1,000ஐத் தாண்டினால் மழைநீரோ ஏ.சி. தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்து, உரத்தைப் பாதியாக்க வேண்டும். பீன்ஸ் அதற்கும் தாங்காது. கீரைகள் ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. மிஷினின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். 1,500 உள்ள தண்ணீரில் பாதி குடிநீராகப் பிரிந்தால், மீதிப் பாதியில் ஏறக்குறைய 3,000 நிற்கும். அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிகளில் ‘சாஃப்ட்னர்’ வழியாக வரும் தண்ணீர் அதைவிட ஏமாற்றும்: மீட்டரில் எண் மாறாது, ஆனால் கால்சியம் இருந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கும். சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில் பிடித்து ஊற்றுவதே வழி.

தென்னை நார்க் கழிவும் இதில் பங்காளி. அதன் நாரிலேயே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். நாம் கொடுக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். வெறும் தண்ணீரில் அலசினால் மேலோட்டமான உப்பு மட்டுமே போகும். 2 கிலோ கட்டியை முதலில் ஊறவைத்து உதிர்த்து, பிழிந்து வரும் நீர் 300 பி.பி.எம்.க்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வடித்து ஒருமுறை அலசினால் நார் அமைதியாகிவிடும். இதைச் செய்யாமல் நட்ட தக்காளியில்தான் காயின் அடிப்புறம் கறுத்து அமுங்கும் நோய் அதிகம் வரும். தண்ணீர் ஒருநாள் காய்ந்து ஒருநாள் தேங்கினாலும் அதே நோய் வரும், ஏனென்றால் கால்சியம் தண்ணீரோடுதான் மேலேறும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேனே என்று கேட்பவர்களுக்கு: அமில-கார அளவான பி.எச். 7ஐத் தாண்டிய நம் தண்ணீரில் முட்டை ஓடு கரைய இந்தச் சீசன் போதாது. சாம்பல் போட்டால் பி.எச். இன்னும் ஏறும்.

சரி, எதை வாங்குவது? மெட்ரோ தண்ணீருக்கு மூன்று பாக்கெட்டும் ஒரு சிறு டப்பாவும் போதும். 19:19:19, கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு, நுண்ணூட்டக் கலவை. 10 லிட்டர் வாளியில் 10 கிராம் 19:19:19, 5 கிராம் எப்சம் உப்பு, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு நுண்ணூட்டம். இது ஒரு நாள். அடுத்த முறை இன்னொரு வாளியில் 10 கிராம் கால்சியம் நைட்ரேட் மட்டும். அதில் தழைச்சத்து 15.5, கால்சியம் 18.8 சதவீதம். இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். கெட்டிக் கரைசலாக ஒன்றாகக் கலக்கக் கூடாது, எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டையும்கூட, ஜிப்சமாகிப் படிந்துவிடும். சமையலறைத் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது, அதனால்தான் 10 லிட்டர் கணக்கு. கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் கூழாகிவிடும், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் வையுங்கள்.

பூ வந்து காய் பிடிக்கத் தொடங்கியதும் 19:19:19ஐப் பாதியாக்கி, மீதிக்கு 13:0:45 சேர்க்கலாம். 10 லிட்டருக்கு ஐந்தும் ஐந்தும் கிராம். லிட்டருக்குத் தழைச்சத்து 160, பொட்டாசியம் 266 மில்லிகிராம் என்று வரும். பூவுக்கென்று 0:52:34 பாக்கெட்டைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். மணிச்சத்து மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் முடங்கும் என்பதால் பைச் செடிக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

இந்தப் ‘பூ உர’ மோகம் வந்த வழி சுவாரசியமானது. ஆன்லைனில் வெளிநாட்டுப் பாட்டில்களோடு வாராவாரம் என்ன ஊற்ற வேண்டும் என்று வரும் அட்டவணைகளில் பல, கனடா, அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சா வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விளக்கொளி, ஆர்.ஓ. தண்ணீர், மூடிய அறை என்று அவர்கள் கணக்கே வேறு. அந்தப் பயிருக்குக்கூட மணிச்சத்தை அள்ளிக் கொட்டத் தேவையில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பூக்கும் பருவத்துக்கு லிட்டருக்குத் தழைச்சத்து 194, பாஸ்பரஸ் 59 மில்லிகிராம்தான் உகந்த அளவாக வந்தது. பொட்டாசியத்தை 60லிருந்து 340 வரை ஏற்றியும் மகசூலில் மாற்றமில்லை. அந்தச் செடியை இங்கே அனுமதியின்றி வளர்ப்பது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையை மட்டும் தக்காளிக்கு இறக்குமதி செய்வானேன்? துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை போன்ற நம் வீட்டு மருந்துச் செடிகளுக்கு மேலே சொன்ன அளவில் கால் பங்கே அதிகம். உரம் மிஞ்சினால் இலை பெருகும், வாசனை மட்டுப்படும்.

மணலியிலிருந்து மூட்டையாக வரும் 17:17:17 குருணை மலிவு, வயலுக்கு நல்ல உரம்தான். அதன் சாம்பல்சத்து மியூரியேட் ஆஃப் பொட்டாஷிலிருந்து (பொட்டாசியம் குளோரைடு) வருகிறது. அந்த மூலப்பொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடு. மழை வந்து அடித்துக்கொண்டு போகும் நிலத்தில் அது பொருட்டில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றும் பன்னிரண்டு அங்குலப் பையில் அது பொருட்டுதான். மண்புழு உரம் கட்டாயம் வேண்டும், பையின் ஈரமும் கிருமிகளும் அதனால்தான் நிற்கின்றன. ஆனால் தர அளவுப்படி அதில் தழைச்சத்து குறைந்தபட்சம் 1 சதவீதம். அதை மட்டும் நம்பிக் கத்தரி காய்க்க வேண்டுமென்றால் பையில் இடம் போதாது.

குறை எங்கே என்று இலையே காட்டிக்கொடுக்கும். கீழ் இலை முழுதாக வெளிறினால் தழைச்சத்து. கீழ் இலையில் நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. இங்கே அடிக்கடி வருவது இந்த மூன்றாவதுதான். காரணம் இரும்பு இல்லாதது மட்டுமல்ல. மலிவான கலவையில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு பி.எச். 6.5க்கு மேல் நிலைக்காது. மாதக்கணக்கில் போர் தண்ணீர் குடித்த பை அதைத் தாண்டியிருக்கும். ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று எழுதிய, கரைத்தால் ரத்தச் சிவப்பாக மாறும் இரும்பு உரம் விலை கூடுதல். ஆனால் கார நிலையிலும் வேலை செய்யும். அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்போடு (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். இலை ஓரம் கருகி, பையின் வெளிப்புறம் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் அது எந்தச் சத்துக் குறையும் அல்ல, உப்பு. அப்போது உரம் வைக்காமல், பையின் கொள்ளளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிட வேண்டும். சாதாரண நாளிலும் 2 லிட்டர் ஊற்றினால் 200 முதல் 400 மில்லி கீழே வடிய வேண்டும். தளம் ஈரமாகும் என்று பைக்கடியில் தட்டு வைத்து, வடிந்ததை மறுபடி உறிஞ்சவிடுவதுதான் உப்பைச் சேர்த்துவைக்கும் வழி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உர அளவை அச்சிடும்போது வேருக்கா இலைக்கா என்பதையும், எத்தனை டி.டி.எஸ். தண்ணீருக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து, எண்ணும் தேதியும் இல்லாத பாலித்தீன் பொட்டலத்தில் ‘முழு உரம்’ என்று விற்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி வரலாம். அந்தப் பொட்டலத்தில் 19:19:19 இருக்கிறதா 17:17:17 அரைத்த பொடி இருக்கிறதா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. கரைத்துப் பார்த்து அடியில் மண்போலத் தங்கினால் திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பையிலுள்ள சத்தெல்லாம் கரைந்து ஓடும். கூடவே ஆறு மாத உப்பும் போகும். மழை நாளில் உரம் ஊற்ற வேண்டாம். வெயில் திரும்பியதும் முதலில் கால்சியம் நைட்ரேட் அரை அளவு, நான்கு நாள் கழித்து மற்றது.

இப்படிக்கு,
மாடித் தோட்டக்காரர்கள் சிலர்,
கொடுங்கையூர், சென்னை - 118